ஹவாய்: விதிவிலக்குகளை நம்பி வாழும் மாநிலம்

ஹவாயின் ‘பெரிய தீவு’ எனப்படும் ஹவாய்த் தீவில் பிறக்கும் கன்றுகளில் பல, பால்குடி மறந்த சில வாரங்களில் கப்பல் ஏறிவிடுகின்றன. தண்ணீர்த் தொட்டியும் காற்றோட்டமும் வைத்துக் கால்நடைகளுக்கென்றே செய்த கன்டெய்னர்களில் பசிபிக்கைக் கடந்து அமெரிக்க மேற்குக் கரையில் இறங்கும். பெருநிலத்துத் தீவனப் பட்டிகளில் கொழுக்க வைத்து அங்கேயே அறுப்பார்கள். ஹவாய்க் கடைகளில் விற்கும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி குளிரூட்டிய பெட்டிகளில் எதிர்த்திசையில் வருவதுதான். தீவில் மேய்ச்சல் நிலம் இல்லாமல் இல்லை. தீவனப் பட்டியில் ஒரு கிலோ எடை ஏற ஆறேழு கிலோ தீவனம் போட வேண்டும். அவ்வளவு தானியத்தைத் தீவுக்குக் கப்பலில் கொண்டுவருவதைவிட, தானியம் விளையும் இடத்துக்கு மாட்டை அனுப்புவது மலிவு.

சர்க்கரைக்கும் இதே கணக்குதான் இருந்தது. தோட்ட முதலாளிகளின் சுத்திகரிப்பு ஆலை 1906 முதல் கலிபோர்னியாவின் க்ராக்கெட் என்ற ஊரில் இயங்கியது. கச்சாச் சர்க்கரையாகப் போனது, வெள்ளைச் சர்க்கரைப் பையாகத் தீவுக்குத் திரும்பி வந்து கடையில் விற்றது. மாவி தீவின் கடைசிக் கரும்பு ஆலை 2016 டிசம்பரில் மூடியபோதுதான் அந்தப் போக்குவரத்து நின்றது.

ஹொனலுலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 3,850 கிலோமீட்டர். இந்தத் தூரம் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விளக்குவது பாதியைத்தான். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டங்கள் சாலையாலும் ரயிலாலும் ஒட்டிக்கிடக்கும் மாநிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கடல் நடுவே இருக்கும் மாநிலத்தில் அதே சட்டம் வேறு விளைவைத் தருகிறது. உடனே மாநிலம் விதிவிலக்கு கேட்கிறது. சில கிடைக்கின்றன, சில கிடைப்பதில்லை, கிடைத்தவற்றில் சில அப்படியே உறைந்துபோய்ப் பிறகு தொல்லையாகின்றன. அமெரிக்காவோடு இணைக்கப்பட்ட 1898 முதல் இன்றுவரை ஹவாய்க்கும் பெருநிலத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இந்த விதிவிலக்குகளின் கதை.

போகும்போது காலி

முதலில் கப்பல். 1920-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தின் 27-ஆம் பிரிவைத்தான் ஜோன்ஸ் சட்டம் என்கிறார்கள். அமெரிக்காவின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடல்வழியே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டதாக, அமெரிக்கர்களுக்குச் சொந்தமானதாக, அமெரிக்கக் கொடி பறப்பதாக, பெரும்பாலும் அமெரிக்க மாலுமிகளைக் கொண்டதாக இருக்க வேண்டும். சிகாகோவிலிருந்து டென்வருக்குப் போகும் சரக்கை இந்தச் சட்டம் தொடுவதே இல்லை. லாரியும் ரயிலும் இருக்கின்றன. ஹவாய்க்கு லாரி போகாது.

இதனால் மேற்குக் கரைக்கும் ஹவாய்க்கும் இடையிலான கன்டெய்னர் சேவை நடைமுறையில் இரண்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது: 1882-இல் தொடங்கிய மேட்சன், 2015-இல் ஹொரைசன் லைன்ஸின் ஹவாய்த் தொழிலை வாங்கிய பாஷா. லாங் பீச், ஓக்லாந்து, சியாட்டில்–டகோமா பகுதி ஆகிய இடங்களிலிருந்து கப்பல்கள் புறப்படுகின்றன; கலிபோர்னியாவிலிருந்து ஹொனலுலுவுக்குச் சுமார் ஐந்து நாள் பயணம். உலகக் கன்டெய்னர் தொழிலின் முன்னோடிகளில் இந்த வழித்தடமும் ஒன்று. 1958 ஆகஸ்டில் மேட்சனின் ‘ஹவாயியன் மெர்ச்சன்ட்’ 24 அடி நீளப் பெட்டிகள் இருபதைத் தன் மேல்தளத்தில் ஏற்றிச் சென்றது. தொழில்நுட்பத்தில் முந்திய வழித்தடம் செலவில் பின்தங்கியதற்குக் கப்பலின் விலை ஒரு முக்கியக் காரணம். 2022-இல் மேட்சன் 3,600 கன்டெய்னர் கொள்ளளவு கொண்ட மூன்று கப்பல்களுக்குப் பிலடெல்பியாக் கப்பல் கட்டும் தளத்தில் கொடுத்த ஆர்டரின் மதிப்பு சுமார் 100 கோடி டாலர். ஆசியக் கப்பல் தளங்களில் அதே அளவுக் கப்பல் இதில் ஒரு சிறு பங்கு விலைக்கு முடியும்.

வெளிநாட்டுக் கப்பல் ஹவாய்க்கு வரவே கூடாது என்று சட்டம் சொல்வதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஆசியாவிலிருந்து நேரே வந்து ஹொனலுலுவில் சரக்கை இறக்கலாம். அங்கிருந்து லாங் பீச்சுக்கு ஒரு பெட்டியைக்கூட ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் 14.5 லட்சம் பேர் வாழும் சின்னச் சந்தைக்காக, திரும்பச் சரக்கும் கிடைக்காமல், பெரிய கப்பல் நின்று போவதில் வியாபாரம் இல்லை. அதனால் ஆசியாவில் செய்த நாற்காலி ஹவாயைத் தாண்டிக் கிழக்கே போய், கலிபோர்னியாவில் இறங்கி, வேறு கப்பல் மாறி, மேற்கே திரும்பி வருகிறது.

வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை முதலில் இறங்கும் இடம் ஒன்றுதான்: ஹொனலுலு துறைமுகம். மாவி, கவாயி, மொலோகாய், லானாய், பெரிய தீவு ஆகியவற்றுக்கு அங்கிருந்து பார்ஜில் (இழுவைப் படகு இழுக்கும் தட்டையான சரக்குப் படகில்) மாற்றி இழுத்துப்போக வேண்டும். தீவுகளுக்கு இடையிலான பார்ஜ் சேவையில் முதன்மையானது யங் பிரதர்ஸ்; உரிமையாளர் நிறுவனம் இருப்பது சியாட்டிலில். 2020-இல் சுற்றுலா படுத்து, சரக்குக் குறைந்து, நிறுவனம் திணறியபோது மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் அவசர நடவடிக்கையாக 46 சதவீதக் கட்டண உயர்வுக்கு அனுமதி தந்தது. வேறு வழியில்லை, மொலோகாய்க்குப் பார்ஜ் நின்றால் மாற்று கிடையாது. கார்களையும் ஏற்றும் பயணிகள் படகுச் சேவை ஒன்று 2007 ஆகஸ்டில் தொடங்கியது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டிலிருந்து அதற்கு மாநிலம் கொடுத்த விலக்கு செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் 2009 மார்ச்சில் அது முடிந்தது. அந்தப் படகுகள் கடைசியில் அமெரிக்கக் கடற்படைக்குப் போய்ச் சேர்ந்தன.

இனித் திரும்பும் கப்பல். கரும்பும் அன்னாசியும் இருந்த காலத்தில் கிழக்கே போக ஓரளவு சரக்கு இருந்தது. இன்று போவது பழைய கார்கள், இரும்புக் கழிவு, இடமாற்றலாகும் ராணுவக் குடும்பங்களின் வீட்டுச் சாமான்கள், மேலே சொன்ன கன்றுகள். மீதி காலிப் பெட்டிகள். ஆகவே உள்ளே வரும் பால் டப்பாவின் கட்டணத்துக்குள் பெட்டி காலியாகத் திரும்பும் செலவும் அடங்கியிருக்கிறது. ஜோன்ஸ் சட்டத்தை நாளையே நீக்கினாலும் இந்த ஒருவழிப் போக்கு நீங்காது. தூரம், சிறு சந்தை, நில விலை, ஒவ்வொரு கைமாற்றத்திலும் விழும் பொது உற்பத்தி வரி (சில்லறைக்கு 4 சதவீதம், அதன்மேல் கவுண்டியின் 0.5, மொத்த வியாபாரத்துக்கு 0.5) எல்லாம் அப்படியே இருக்கும். சட்டத்தை எடுத்தால் விலை பாதியாகும் என்பவர்களை நம்ப வேண்டாம். அது வெறும் பாதுகாப்புத் தேவை, நுகர்வோருக்குச் செலவே இல்லை என்று கப்பல் நிறுவனங்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கால அட்டவணைப்படி வாரந்தோறும் கப்பல் வந்து நிற்பது அந்தப் பாதுகாக்கப்பட்ட சந்தையின் நல்ல பக்கம். தீவில் கிடங்கு குறைவு, நிலமோ விலை அதிகம். அதனால் கடைக்காரர்களுக்கு அந்தக் கப்பலே கிடங்கு. கப்பல் தவறினால் அலமாரி சீக்கிரம் காலியாகும் என்பதால்தான் ஒவ்வொரு வீட்டிலும் 14 நாளுக்கான உணவும் தண்ணீரும் இருக்கட்டும் என்று மாநில அவசரகால நிர்வாகம் சொல்கிறது.

தவறியும் இருக்கிறது. 1949 மே 1 அன்று தொடங்கிய துறைமுக வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்தது. மேற்குக் கரையில் சரக்கை ஏற்றியவருக்கு மணிக்கு 1.82 டாலர், அதே சரக்கை ஹொனலுலுவில் இறக்கியவருக்கு 1.40. தொழிலாளர்கள் கேட்டது பெருநிலத்துக்குச் சமமான கூலி.

இதில் வினோதம் ஒன்று உண்டு. அமெரிக்க வர்ஜின் தீவுகள், அமெரிக்க சமோவா, வடக்கு மரியானா தீவுகள் ஆகியவற்றுக்கு ஜோன்ஸ் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது. குவாமுக்குக் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இல்லை. இவை எதற்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முழு வாக்குரிமை உள்ள உறுப்பினர் கிடையாது. இரண்டு செனட்டர்கள் இருக்கும் ஹவாய்க்கு விலக்கு இல்லை. அதன் செனட்டர்களில் மிகச் செல்வாக்கு வாய்ந்தவராக இருந்த மறைந்த டேனியல் இனோயே இந்தச் சட்டத்தின் உறுதியான ஆதரவாளர். 2018-இல் மேட்சன் கடலில் இறக்கிய பெரிய கன்டெய்னர் கப்பலுக்கு அவர் பெயர்தான் வைத்தார்கள்.

எரிவாயு தேசத்தில் எண்ணெய் மின்சாரம்

அமெரிக்கா கச்சா எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் ஏராளமாக எடுக்கும் நாடு. ஹவாயோ தன் கச்சா எண்ணெயின் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து எண்ணெய் கொண்டுவர ஜோன்ஸ் சட்டத்துக்குப் பொருந்தும் டாங்கர் வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்தோ தென் அமெரிக்காவிலிருந்தோ எந்தக் கொடிக் கப்பலும் கொண்டுவரலாம். 2022 மார்ச்சுக்கு முன் ரஷ்ய எண்ணெய்க்கும் இதில் கணிசமான பங்கு இருந்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் அது ஒரே வாரத்தில் பிரச்சினையானது. திரவ எரிவாயுவின் நிலை இன்னும் மோசம். 1980-க்குப் பிறகு அமெரிக்காவில் பெரிய திரவ எரிவாயுக் கப்பல் ஒன்றுகூடக் கட்டப்படவில்லை; எனவே டெக்சாஸ் எரிவாயு ஜப்பானுக்குக் கப்பலில் போகும், ஹவாய்க்குப் பெரிய அளவில் போக முடியாது.

மின்சாரம் எண்ணெயில் மாட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணம் சுத்திகரிப்பு ஆலை. ஹொனலுலு இருக்கும் ஒவாஹு தீவின் கப்போலேயில் எஞ்சியிருக்கும் ஒரே ஆலையின் முதன்மைச் சரக்குகளில் ஒன்று விமான எரிபொருள். சுற்றுலாவும் ராணுவமும் அதைக் குடிக்கின்றன. கச்சா எண்ணெயைப் பிரித்தால் அடியில் கனமான ஃபர்னஸ் ஆயில் மிஞ்சும். அதை எரிப்பவை மின் நிலையங்கள். ஒன்றை மட்டும் நிறுத்துவது எளிதல்ல: மின் நிலையம் எண்ணெயை விட்டால் ஆலையின் கணக்கு கெடும், ஆலை மூடினால் விமான எரிபொருள் முழுவதும் இறக்குமதியாகும். ஒவாஹுவின் நிலக்கரி மின் நிலையம் 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. 2045-க்குள் மின்சாரம் முழுவதும் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்று 2015-இல் சட்டம் போட்ட முதல் மாநிலம் ஹவாய். பசுமைப் பற்று இருக்கலாம்; ஆனால் வீட்டு மின்கட்டணம் தேசிய சராசரியைப்போல் இரண்டரை மடங்கு இருக்கும் இடத்தில் சூரிய மின்தகடு வெறும் சிக்கனக் கணக்கு.

தடை இயற்பியலில் இருக்கிறது. பெருநிலத்தில் ஒரு மாநிலத்தில் காற்று ஓய்ந்தால் பக்கத்து மாநிலம் மின்சாரம் தரும். இங்கே தீவுக்குத் தீவு தனித்தனி மின்தொகுப்பு. ஆறும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. கடலடிக் கேபிள் பேச்சு வந்து வந்து போகிறது. ஒவ்வொரு தீவும் தன் மாலை நேரத் தேவைக்குத் தானே உற்பத்தியும் பேட்டரியும் வைத்துக்கொள்ள வேண்டும். புளோரிடாவின் நெக்ஸ்ட்எரா நிறுவனம் ஹவாயியன் எலக்ட்ரிக்கை 430 கோடி டாலருக்கு வாங்க முயன்றதை மாநில ஆணையம் 2016 ஜூலையில் நிராகரித்தது. மின்சாரத்தின் முடிவெடுக்கும் மேசை தீவிலேயே தங்கியது. 1929-இல் தொடங்கிய ஹவாயியன் ஏர்லைன்ஸ் 2024 செப்டம்பரில் சியாட்டிலின் அலாஸ்கா நிறுவனத்திடம் போனதைத் தடுக்க அப்படியொரு அதிகாரம் மாநிலத்திடம் இல்லை. விமானம் கூட்டாட்சியின் துறை.

சேர்ந்த விதமே ஒரு குறுக்கு வழி

1875-இல் ஹவாய் தனி முடியரசு. அந்த ஆண்டின் பரஸ்பர ஒப்பந்தம் ஹவாய்ச் சர்க்கரையை வரியின்றி அமெரிக்காவுக்குள் விட்டது. 1887-இல் அதைப் புதுப்பித்தபோது கொடுத்த விலை பேர்ல் ஹார்பர். 1890-இல் வந்த மெக்கின்லி வரிச்சட்டம் கச்சாச் சர்க்கரைக்கு எல்லா நாட்டுக்கும் வரியை நீக்கி, உள்நாட்டு விவசாயிகளுக்கு மட்டும் பவுண்டுக்கு 2 சென்ட் ஊக்கத்தொகை தந்தது. ஹவாய்த் தோட்ட முதலாளிகளுக்கு இருந்த ஒரே சலுகை ஒரே நாளில் செல்லாக்காசானது. ஊக்கத்தொகை வேண்டுமென்றால் ‘உள்நாடு’ ஆக வேண்டும். 1893 ஜனவரி 17 அன்று அரசி லிலியுகலானி கவிழ்க்கப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் ‘பாஸ்டன்’ போர்க்கப்பலிலிருந்து அமெரிக்க வீரர்கள் ஹொனலுலுவில் இறங்கியிருந்தார்கள்.

இணைப்பு ஒப்பந்தத்துக்குச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. பூர்வகுடிகள் திரட்டிய எதிர்ப்பு மனுவில் 21,000-க்கும் அதிகமான கையொப்பங்கள். அப்போது பூர்வகுடிகளின் மொத்த எண்ணிக்கையே 40,000 அளவுதான். ஒப்பந்தம் தோற்றது. ஸ்பெயினோடு போர் மூண்டதும் வேறு வழி கண்டார்கள்: சாதாரணப் பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானம். 1898 ஜூலை 7 அன்று அதிபர் மெக்கின்லி கையெழுத்திட்டார். இந்த உறவு தொடங்கியதே நடைமுறைக்கு விதிவிலக்காகத்தான் என்று சொல்வது மிகை ஆகாது.

அதன்பின் 61 ஆண்டுகள் ஹவாய் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாக்குரிமையற்ற பிரதேசமாக இருந்தது. வெள்ளையர் சிறுபான்மையாக இருக்கும் ஒரு மாநிலத்தைச் சேர்க்கத் தென்மாநிலச் செனட்டர்கள் விரும்பவில்லை. துறைமுகத் தொழிற்சங்கத்தின் இடதுசாரிச் சாய்வு அவர்களுக்கு வசதியான சாக்கு. 1959 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 94 சதவீதம் பேர் மாநிலமாவதை ஆதரித்தார்கள். வாக்குச் சீட்டில் சுதந்திரம் என்ற தெரிவு இல்லை. ஆகஸ்ட் 21 அன்று 50-ஆவது மாநிலம் பிறந்தது.

அப்போது எழுதிய சேர்க்கைச் சட்டம் இன்றும் தினசரி நிர்வாகத்தில் குறுக்கே வருகிறது. முடியாட்சியின் நிலம் சுமார் 18 லட்சம் ஏக்கர் 1898-இல் அமெரிக்காவின் கைக்குப் போயிருந்தது. அதில் ஏறத்தாழ 14 லட்சம் ஏக்கர் மாநிலத்துக்குத் திரும்பியது, ஆனால் அறக்கட்டளைச் சொத்தாக: பள்ளி, பூர்வகுடிகளின் நலன் உள்ளிட்ட ஐந்து நோக்கங்களுக்கு மட்டுமே அதன் வருமானம். பூர்வகுடிகளின் குடியிருப்புக்காக 1921-இல் ஒதுக்கிய சுமார் 2 லட்சம் ஏக்கரின் விதியும் இதே ரகம். ஆண்டுக்கு ஒரு டாலர், 99 ஆண்டுக் குத்தகை. விண்ணப்பிக்க 50 சதவீதம் ஹவாய்ப் பூர்வகுடி வம்சம் வேண்டும். கலப்புத் திருமணங்கள் சாதாரணமான சமூகத்தில் அந்த அளவு தலைமுறைக்குத் தலைமுறை குறைகிறது. குத்தகைதாரரின் பேரன் தகுதியிழக்கிறான். வாரிசுகளுக்கான அளவை 32-இல் ஒரு பங்காகக் குறைத்து மாநிலம் 2017-இல் சட்டம் இயற்றியது. அது செல்லுபடியாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது சேர்க்கைச் சட்டம். காத்திருப்போர் பட்டியலில் 28,000-க்கும் மேற்பட்டவர்கள்.

உறைந்துபோன சலுகை

வாரம் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும் என்று 1974 ஜூனில் ஹவாய் சட்டம் போட்டது. தொழிலாளியிடம் சம்பளத்தில் 1.5 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. மூன்று மாதத்தில் வாஷிங்டன் வேறொரு சட்டம் கொண்டுவந்தது: முதலாளிகள் தரும் நலத்திட்டங்களை மாநிலங்கள் ஒழுங்குபடுத்தக் கூடாது. வழக்கு நடந்து 1981-இல் ஹவாய் தோற்றது. 1983-இல் நாடாளுமன்றம் ஹவாய்க்கு மட்டும் விலக்கு தந்தது, ஒரு கொக்கியோடு: 1974 செப்டம்பர் 2 அன்று அந்தச் சட்டம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்வரைதான் விலக்கு.

அரை நூற்றாண்டு கடந்தும் அதைத் தொட முடியவில்லை. 1.5 சதவீத வரம்பை மாற்றவோ, குடும்பத்தினரையும் கட்டாயமாகச் சேர்க்கவோ மாநிலச் சட்டமன்றம் துணியாது. தொட்டால் விலக்கே போய்விடலாம். மருத்துவச் செலவு ஏறியபோது சுமையின் ஏற்றம் முழுவதும் முதலாளி பக்கம் விழுந்தது. 20 மணி என்ற கோடு நிலையாக இருப்பதால் 19 மணி நேர வேலைகள் உருவாயின. இத்தனைக்கும் இது வெற்றிகரமான சட்டம். காப்பீடு இல்லாதோர் விகிதம் நாட்டிலேயே குறைவான மாநிலங்களில் ஹவாயும் ஒன்று.

மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள், பலாவ் ஆகியவற்றோடு அமெரிக்கா செய்த உடன்படிக்கையில் இதன் தலைகீழ் வடிவம் இருக்கிறது. ராணுவ உரிமைக்கு ஈடாக அந்நாட்டவர் விசா இன்றி அமெரிக்காவில் வாழலாம். பெருநிலத்தைவிட ஹவாய் கிட்டம். 1996-ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தம் அவர்களைக் கூட்டாட்சி மருத்துவ உதவியிலிருந்து நீக்கியது. செலவு மாநிலத்தின் தலையில் விழுந்தது. 2020 டிசம்பரில்தான் அந்த உதவி மீண்டது. உடன்படிக்கை போட்டது வாஷிங்டன், 24 ஆண்டுகள் பில் கட்டியது ஹொனலுலு.

வருவோரும் போவோரும்

ஹொனலுலு விமான நிலையத்தில் பெருநிலத்துக்குப் புறப்படும் பயணியின் பெட்டி அமெரிக்க வேளாண் துறையின் எக்ஸ்ரேக்குள் போக வேண்டும். பழ ஈக்கள் கலிபோர்னியாவை அடைந்துவிடக் கூடாது. அன்னாசி போகலாம், மாம்பழத்தை எடுத்துவிடுவார்கள். எதிர்த்திசையில் வருபவர் நிரப்புவது மாநில வேளாண் துறையின் அறிவிப்புப் படிவம் ஒன்று. பெருநிலத்துப் பண்ணையைக் காக்க இயந்திரம், தீவின் காட்டைக் காக்கப் பயணியின் நேர்மை. நெருப்பெறும்பும் கோக்கி தவளையும் தென்னைக் காண்டாமிருக வண்டும் தீவில் பரவியிருக்கின்றன; அவை வந்தது பெரும்பாலும் சரக்கிலும் செடிகளிலும்தான் என்றாலும், உள்ளே வருவதைச் சோதிக்க மாநிலத்துக்கு இருக்கும் ஆளும் அதிகாரமும் குறைவு என்பதையே அது காட்டுகிறது.

நாய் பூனை விஷயத்தில் மட்டும் மாநிலம் கறார். வெறிநோய் இல்லாத ஒரே மாநிலம் என்பதால் 120 நாள் தனிமைப்படுத்தல் விதி இருக்கிறது. தவிர்க்க வேண்டுமானால் மைக்ரோசிப் பொருத்தி, 30 நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, எதிர்ப்புச் சக்திக்கான ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்ப வேண்டும். ஆய்வகம் மாதிரியைப் பெற்ற நாளிலிருந்து 30 நாள் கழிந்த பிறகே விமானம் ஏற்றலாம். பலர் சறுக்குவது இரண்டு இடங்களில்: கடைசித் தடுப்பூசிக்கும் வருகைக்கும் இடையே 30 நாள் முடியாதிருப்பது; மாதிரி எடுத்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது.

மனிதர்களை மாநிலம் இப்படி நிறுத்த முடியாது. அமெரிக்கக் குடிமகன் எந்த மாநிலத்திலும் குடியேறலாம், சொத்து வாங்கலாம். பெருநிலத்துப் பணம் வீட்டு விலையை ஏற்றுவதைத் தடுக்க நேரடிச் சட்டம் போட இயலாததால், வரியில் சுற்றி வருகிறார்கள்: ஹொனலுலுவில் பத்து லட்சம் டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள, உரிமையாளர் குடியிருக்காத வீடுகளுக்குத் தனி வகை, உயர்ந்த விகிதம். 2020 மார்ச் 26 முதல் வந்திறங்கிய எல்லோருக்கும் 14 நாள் தனிமைப்படுத்தல் விதித்தபோது மட்டும் கடல் நிஜ எல்லையானது. ஏப்ரலில் சுற்றுலாப் பயணிகள் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தார்கள். பொதுச் சுகாதாரம் என்ற காரணம் இருந்ததால் நீதிமன்றம் தலையிடவில்லை.

போவோர் கதை வேறு. 2020 கணக்கெடுப்பின்படி ஹவாய்ப் பூர்வகுடிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். லாஸ் வேகஸை ‘ஒன்பதாவது தீவு’ என்று தீவுக்காரர்களே சொல்வது வழக்கமாகிவிட்டது. வேலையும் கட்டுப்படியாகும் வீடும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் அதன் கவர்ச்சி. வாழ்க்கைச் செலவு வேறு என்பதைக் கூட்டாட்சி அரசே ஒப்புக்கொள்கிறது: 2025-இல் நான்கு பேர் குடும்பத்தின் வறுமைக்கோடு 48 மாநிலங்களுக்கு 32,150 டாலர், ஹவாய்க்கு 36,980.

வாஷிங்டனில் பிடி, தீவில் குத்தகை

இத்தனை விதிவிலக்குகளையும் பெற்றுத் தருவது பெரும்பாலும் செனட்டின் மூப்பு, அதாவது நீண்ட காலம் பதவியில் இருப்பதால் கிடைக்கும் செல்வாக்கு. இனோயே 1963 முதல் 2012 டிசம்பரில் இறக்கும்வரை செனட்டர். கடைசி நான்கு ஆண்டுகள் செலவினக் குழுத் தலைவர். ஒவாஹுவின் எச்-3 நெடுஞ்சாலையைச் சுற்றுச்சூழல் சட்டப்படி நீதிமன்றம் நிறுத்திவைத்தபோது, 1986-இல் ஒரு செலவின மசோதாவுக்குள் அதற்கு மட்டும் விலக்கு வைத்து நிறைவேற்றினார்கள். 1997-இல் திறந்த அந்தச் சாலையின் நீளம் 26 கிலோமீட்டர், செலவு 130 கோடி டாலர். இனோயே இறந்த சில வாரங்களில் இன்னொரு செனட்டரான டேனியல் அகாகாவும் ஓய்வுபெற, தீவின் மூப்பு ஒரே மாதத்தில் அடியிலிருந்து தொடங்கியது. நேர வித்தியாசமும் சும்மா இல்லை. ஹவாய் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. வாஷிங்டன் அலுவலகம் மாலை 5 மணிக்குப் பூட்டும்போது ஹொனலுலுவில் கோடையில் காலை 11 மணி.

பதிலுக்குப் பெருநிலம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஒன்று: ராணுவ இடம். இந்தோ–பசிபிக் கட்டளையகம் ஒவாஹுவில் இருக்கிறது. பேரத்தில் யாருக்குக் கை ஓங்கும் என்பது சூழலைப் பொறுத்தது. ஒவாஹுவின் ரெட் ஹில்லில் கடற்படை 1940-களில் கட்டிய 20 நிலத்தடி எரிபொருள் தொட்டிகள், 250 மில்லியன் கேலன் கொள்ளளவு, ஹொனலுலுவின் முதன்மை நிலத்தடி நீருக்குச் சுமார் 30 மீட்டர் மேலே. 2021 நவம்பரில் எரிபொருள் கசிந்து 93,000 பேரின் குடிநீரில் கலந்தது. காலி செய்யுமாறு மாநிலச் சுகாதாரத் துறை உத்தரவிட்டது. கடற்படை முதலில் எதிர்த்தது. ராணுவக் குடும்பங்களே நோயுற்று, செய்தி பெருநிலத்துத் தொலைக்காட்சிகளை எட்டிய பிறகு, 2022 மார்ச்சில் பாதுகாப்புத் துறை மூடச் சம்மதித்தது.

அடுத்த பேரத்துக்கு நாள் குறித்தாயிற்று. பெரிய தீவின் பொஹாகுலோவா பயிற்சிக் களத்தில் மாநிலத்துக்குச் சொந்தமான சுமார் 23,000 ஏக்கரை ராணுவம் 1964-இல் 65 ஆண்டுகளுக்கு எடுத்தது. மொத்தக் குத்தகைத் தொகை 1 டாலர். 2029 ஆகஸ்டில் காலம் முடிகிறது. ராணுவத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையை மாநில நில வாரியம் 2025 மே மாதம் நிராகரித்தது. புதுப்பிக்கலாம், நிலம் மாற்றிக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்தும் அதிகாரம் கூட்டாட்சி அரசிடம் இருக்கிறது. மாநிலத்தின் பக்கம் இருப்பது பழைய குத்தகைப் பத்திரம்: ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் வெடிபொருளை அகற்ற இயன்ற முயற்சி எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதை ராணுவம் செய்ததா என்று மாநிலம் ஒழுங்காகச் சோதிக்கவே இல்லை, அறக்கட்டளைக் கடமையில் தவறிவிட்டது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

துப்புரவு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைக் கஹோலாவே தீவில் ஏற்கெனவே பார்த்தாயிற்று. 1941 முதல் 1990 வரை குண்டுவீச்சுப் பயிற்சி நடந்த அந்தத் தீவு 1994-இல் மாநிலத்திடம் திரும்பியது. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணமும் காலமும் தீர்ந்து கடற்படை வெளியேறியபோது மேற்பரப்பில் ஏறத்தாழ கால்வாசி தொடப்படவே இல்லை. நாலடி ஆழம்வரை சுத்தமான பரப்பு பத்தில் ஒரு பங்குகூட எட்டவில்லை. பொஹாகுலோவா பேச்சில் மாநிலம் வாடகைத் தொகையை மட்டும் பேசி, வெடிபொருள் அகற்றுவதற்கான ஆழத்தையும் காலக்கெடுவையும் யார் பணம் என்பதையும் பத்திரத்தில் எழுதி வாங்காமல் விட்டால், அடுத்த 65 ஆண்டுக்கும் இதே வழக்குதான்.